டெமரேஜா, டேமேஜா?

ஒரே சரக்குக்கு வந்த இரண்டு தாள்களில், ஒன்றில் 'டெமரேஜ்' என்றும் இன்னொன்றில் 'டேமேஜ் சார்ஜ்' என்றும் இருந்தது, எது சரி, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள்.

டெமரேஜ்தான் சரி. டேமேஜ் வேறு சொல், வேறு பொருள். கப்பல் சரக்கு ஆவணங்களோடு பல வருடம் புழங்கியவன் நான். ஒருமுறை, சரக்கை இறக்கத் தாமதமானதற்குப் பணம் கேட்டு எங்கள் அலுவலகத்திலிருந்து போன கடிதத்தில் 'டேமேஜ்' என்று தட்டச்சாகிவிட்டது. எந்த மூட்டை சேதம், சேதத்தைப் பார்த்து எழுதிய சர்வே ரிப்போர்ட் எங்கே என்று பதில் வந்தது. சேதமே இல்லை, கேட்டது வேறு பணம் என்று புரியவைக்க மூன்று வாரம் ஆனது.

டேமேஜ் சரக்குக்கு நேர்ந்த கெடுதல். டெமரேஜ் கப்பலைக் காக்க வைத்ததற்கான பணம். சரக்கில் ஒரு கீறல்கூட விழாமல் இருந்தாலும் டெமரேஜ் வரும்.

கப்பலை வாடகைக்குப் பேசும்போதே, ஏற்றவும் இறக்கவும் இவ்வளவு நேரம் என்று முடிவு செய்துவிடுவார்கள். அதற்கு லேடைம் என்று பெயர். 20,000 டன் சரக்கு, நாளுக்கு 5,000 டன் இறக்க வேண்டும் என்று பேச்சு என்றால் லேடைம் 4 நாள். வேலை ஆறரை நாள் இழுத்துவிட்டால் இரண்டரை நாள் அதிகம். நாளுக்கு 12,000 டாலர் என்று எழுதியிருந்தால் டெமரேஜ் 30,000 டாலர். சீக்கிரம் முடித்துக் கொடுத்தால் கப்பல்காரர் திருப்பித் தரும் பணமும் உண்டு. அது டெஸ்பாட்ச், பெரும்பாலும் டெமரேஜ் விகிதத்தில் பாதி.

கணக்கு பார்க்க எளிது, சண்டை வருவது நிமிடங்களில்தான். துறைமுகத்தில் எழுதும் நேரக் குறிப்பில் '06.40 மழை, ஹாட்ச் மூடப்பட்டது. 08.15 மழை நின்றது, ஹாட்ச் திறக்கப்பட்டது' என்று வரிவரியாக இருக்கும். ஹாட்ச் என்பது சரக்கு அறையின் மேல்வாய். ஒப்பந்தத்தைப் பொறுத்து லேடைமில் அந்த ஒரு மணி 35 நிமிடத்தைக் கழித்துக்கொள்ளலாம். லேடைம் தீர்ந்து டெமரேஜ் ஓட ஆரம்பித்துவிட்டால், ஒப்பந்தத்தில் தனியாக எழுதியிருந்தால் ஒழிய, மழையும் கழியாது, ஞாயிற்றுக்கிழமையும் கழியாது. கப்பல் தொழிலில் எல்லாரும் மனப்பாடமாகச் சொல்லும் விதி இது.

சரி, சொல்லின் பிறப்புக்கு வருவோம். லத்தீனில் 'மோரா' என்றால் தாமதம். அதிலிருந்து வந்த பழைய பிரெஞ்சு வினை 'தெமொரே', தங்கு, தாமதி என்று பொருள். அது ஆங்கிலத்துக்குப் போய் 17ஆம் நூற்றாண்டில் கப்பல் வணிகச் சொல்லாக நிலைத்துவிட்டது. கடன் தவணையைத் தள்ளிவைக்கும் மொரட்டோரியமும் இதே மோராவின் வழிதான். டேமேஜுக்கு வேர் 'தாம்னும்', நஷ்டம் என்று பொருள். இரண்டு சொல்லுக்கும் ரத்த உறவே கிடையாது. ஜெர்மன்காரர்கள் டெமரேஜை 'லீகெகெல்ட்' என்கிறார்கள். கப்பல் கிடப்பதற்கான பணம் என்று நேராகவே அர்த்தம். எனக்கு ரொம்பப் பிடித்த சொல் அது.

ஆங்கிலத்தில் எழுதும்போது 'டி-இ-எம்-யு' வரைக்கும் எல்லாரும் சரியாக வந்துவிடுவார்கள். அடுத்து வரும் ஆர் இரண்டு, அங்கேதான் ஒன்று விட்டுப்போகும். தமிழில் குறில் டெ போட்டு 'டெமரேஜ்' என்று எழுதுங்கள். நெடில் போட்டு 'டேமரேஜ்' என்று எழுதும்போதுதான் கண் அதை டேமேஜ் என்று படித்துவிடுகிறது.

இரண்டு சொல்லும் நிஜமாகவே மோதிக்கொண்ட வழக்கு ஒன்று உண்டு. 'எடர்னல் பிளிஸ்' என்ற கப்பல் பிரேசிலிலிருந்து சோயாபீன்ஸ் ஏற்றிப்போய், சீனத் துறைமுகத்துக்கு வெளியே 31 நாள் நங்கூரத்தில் கிடந்தது. சரக்கு பூஞ்சை பிடித்துக் கட்டிதட்டிவிட்டது. சரக்குக்காரருக்கு நஷ்ட ஈடு கொடுத்த கப்பல்காரர், டெமரேஜுக்கு மேல் அந்தப் பணமும் வேண்டும் என்று வாடகைக்கு எடுத்தவரிடம் கேட்டார். 2020இல் லண்டன் உயர் நீதிமன்றம் கேட்கலாம் என்றது. 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது: லேடைமுக்குள் இறக்காததைத் தவிர வேறு மீறல் இல்லையென்றால், அதனால் வரும் எல்லா நஷ்டத்துக்கும் டெமரேஜ்தான் ஈடு. ஒரு சொல்லின் எல்லை எதுவரை என்று தெரிந்துகொள்ள நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது.

கன்டெய்னரில் இன்னொரு குழப்பம் வரும். சரக்கோடு டெர்மினலுக்குள்ளேயே, அதாவது துறைமுகத்தின் கன்டெய்னர் முற்றத்திலேயே, இலவச நாள் தாண்டிக் கிடந்தால் டெமரேஜ். வெளியே எடுத்துப்போன கன்டெய்னரைக் காலியாகத் திருப்பித் தரத் தாமதமானால் டிடென்ஷன்.

தமிழில் 'தாமதக் கட்டணம்' என்று எழுதுகிறார்கள். பில்லைத் தாமதமாகக் கட்டியதற்கான அபராதம் மாதிரி அது ஒலிக்கிறது. 'கப்பல் சுணக்கக் கட்டணம்' என்று எழுதினால் சுணங்கியது எது என்று தெரியும். அப்புறம், பணம் கேட்டு எழுதும் கடிதமாக இருந்தால் பக்கத்திலேயே டெமரேஜ் என்றும் போட்டுவிடுங்கள்.