கிரேக்க உடையும் சுழலும் கால்களும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

‘ஃபானின் பிற்பகல்’ பாலேயில் வரும் வனதேவதைகளின் படங்களைப் பார்த்து, எங்கள் மாணவியருக்கு வெள்ளை பாலியெஸ்டர் ஜார்ஜெட்டில், இடுப்பில் சுருக்கம் வைத்துக் கிரேக்க உடை தைத்தோம். நிற்கும்போது அழகு. சுழன்றால் குடையாக விரிகிறது. கையைத் தூக்கினால் இடுப்புத் துணி மேலேறிவிடுகிறது. எங்கே தவறினோம்?

எஸ்.

அன்புள்ள எஸ்,

நீங்கள் மாதிரியாக எடுத்த உடை சுழல்வதற்காக வரையப்பட்டதே அல்ல. 1912 மே 29 அன்று பாரிஸ் ஷாத்லே அரங்கில் அரங்கேறிய அந்த பாலேயில் ஏழு வனதேவதைகளும் கிரேக்க ஜாடிச் சித்திரங்கள்போலப் பக்கவாட்டாகவே நகர்வார்கள். நிஜின்ஸ்கியின் நடன அமைப்பு அப்படி. உடைகளை வடிவமைத்த லியோன் பாக்ஸ்ட் அதற்கேற்றபடி மெல்லிய பட்டில் நெருக்கமான நெடுக்கு மடிப்புகள் வைத்தார்.

சுருக்கத்தைத் துறந்து மடிப்புக்கு வாருங்கள். இடுப்பளவைப்போல் மூன்று மடங்கு அகலத் துணி. ஒரு சென்டிமீட்டர் மடிப்பு. ஓரத்தை முதலில் அடித்துவிட வேண்டும், மடித்தபின் அடித்தால் மடிப்பு கலையும். கெட்டித்தாள்கள் இரண்டை ஒன்றாக மடித்து, நடுவில் துணியை வைத்து, கட்டி, ஆவியில் காட்டுங்கள். முழுக்க ஆறியபின்தான் பிரிக்க வேண்டும். பலர் சூட்டோடு பிரித்துக் கெடுக்கிறார்கள். பாலியெஸ்டரில் மடிப்பு நிற்கும், சுழன்று நின்றதும் தானே மூடிக்கொள்ளும். பட்டில் வியர்வையே போதும், மடிப்பு போய்விடும்.

இரு பக்கமும் நடுத்தொடை வரை தையலைத் திறந்துவிடுங்கள், உள்ளே சேரும் காற்று வெளியேறும். ஓரத்தில் எடைக்காக மணிகள் கோத்தால் துணி அடங்கும் என்பார்கள். நிற்கும், நடக்கும் உடைக்கு அது சரி. சுழலும்போது மணிகள் காலில் அடிக்கும்.

கை தூக்கும் சிக்கலுக்கு, உயரத்தில் 15 சென்டிமீட்டர் கூட்டி வெட்டுங்கள். உள்ளே அணியும் லியோடார்டின் (உடலை ஒட்டிய ஒற்றை நடன உடை) இடுப்பில் எலாஸ்டிக் தைத்து, உடையை அதோடு நாலைந்து இடங்களில் பிடித்துவிட்டு, மிச்சத் துணியை அதன்மேல் வழியவிடுங்கள். கிரேக்கர்களும் இடுப்புக்கயிற்றுக்கு மேலே துணியை இப்படித்தான் தளர்த்திவிட்டார்கள். தோளில் அவர்கள் குத்திய ஊசி மட்டும் வேண்டாம். தூக்கும் நடனத்தில் துணைவர் முகத்தில் கீறும். தைத்துவிட்டு மேலே பொத்தான் வையுங்கள்.

வெறும் வெள்ளை வேண்டாம். பாக்ஸ்ட் கட்டங்களும் அலைக்கோடுகளும் தீட்டினார். துணிச்சாயத்தைச் சூட்டில் பதிக்க வேண்டியிருப்பதால், மடிப்பதற்கு முன்பே தீட்டிவிடுங்கள். கிடைக்கோடு மடித்தாலும் கோடாகவே தெரியும். இலை, பூ, உருவம் என்றால் துண்டு துண்டாகிவிடும்.