விற்கப்போகும் வீட்டுக்கு அலங்காரம் தேவையா? திருகோணமலையில் எங்கள் வீட்டை விற்ற அனுபவம்

கேள்வி: திருகோணமலையில் அப்பா கட்டிய வீட்டை விற்கப்போகிறோம். குஷன், திரைச்சீலை, பூச்சாடி என்று சின்னச் சின்ன அலங்காரங்கள் செய்து வைத்தால் வாங்க வருபவர்களுக்குப் பிடிக்குமா? அல்லது வீண் செலவா?

பதில்:

பிடிக்கும். ஆனால் கடைக்குப் போவதற்கு முன்னால், கேற்றைத் திறந்துகொண்டு ஒரு முறை அந்நியரைப் போல உங்கள் வீட்டுக்குள் நடந்து பாருங்கள். நான் அதைச் செய்யாததால் நான்கு மாதங்கள் வீணாகப் போயின.

எங்கள் வீடு மனையாவெளியில், கடற்கரைக்கு ஐந்து நிமிட நடையில் இருந்தது. அப்பா 1979இல் கட்டியது. 14 பேர்ச்சஸ் காணி, மூன்று அறைகள், முன்னால் அகலமான விறாந்தை, பின்னால் கிணறு. அப்பா காலமான பிறகு அம்மா வவுனியாவில் அக்காவோடு இருக்கச் சம்மதித்தார். அதன் பின்தான் விற்பது என்று முடிவெடுத்தோம். முதல் நான்கு மாதங்களில் ஏழு குடும்பங்கள் வந்து பார்த்தன. பத்து நிமிடத்தில் சுற்றிப் பார்த்துவிட்டு, "சொல்லி அனுப்புகிறோம்" என்று போனார்கள். ஒருவரும் இரண்டாம் முறை வரவில்லை.

என்ன குறை என்று எனக்கு விளங்கவில்லை. ஒரு நாள் நானே கேற்றடியிலிருந்து நடந்து வந்தேன். வாசலைத் தாண்டியதும் நேரே அப்பாவின் படம். பிளாஸ்டிக் மாலை, அதன் கீழே இரவும் பகலும் எரியும் சிறிய சிவப்பு மின்குமிழ். வந்தவர்கள் எல்லோரும் அந்த இடத்தில் ஒரு கணம் நின்றதும், அதன் பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போல நடந்திருக்கிறார்கள். துக்க வீட்டில் அலுமாரியை எங்கே வைப்பது, பிள்ளைகளை எந்த அறையில் படுக்கவைப்பது என்று யாரால் யோசிக்க முடியும்?

அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று இரண்டு நாட்கள் தவித்தேன். சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "பிள்ளை, அப்பாவை முதலில் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். நான் பிறகு போகிறேன்" என்றார். தன்னுடைய பழைய நூல் சேலை ஒன்றில் படத்தைச் சுற்றிக் கட்டினார். அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டு வவுனியா பஸ்ஸில் போனாள்.

படம் போன இடத்தில் சுவரில் பளிச்சென்ற நீள்சதுரம் ஒன்று இருந்தது. சுற்றிலும் வர்ணம் மங்கியிருக்க, அந்த இடம் மட்டும் புதிதாகத் தெரிந்தது. அங்கே நான் ஒரு பெரிய தவறு செய்தேன். கடையில் நீர்வீழ்ச்சிப் படம் ஒன்று வாங்கி வந்து அதை மறைத்து மாட்டினேன். அடுத்து வந்தவர் கட்டட வேலைகளை ஒப்பந்தத்துக்கு எடுத்துச் செய்பவர். வந்தவுடன் படத்தின் கீழ் விளிம்பில் ஒரு விரலை வைத்து, மெல்லத் தூக்கிப் பின்னால் பார்த்தார். "வெடிப்பு ஏதும் இருக்கிறதா, தங்கச்சி?" என்று கேட்டார். இல்லை என்றேன். அதற்குப் பிறகு அவர் ஒவ்வொரு சுவரையும் தட்டித் தட்டிப் பார்த்தார். அந்த வீட்டில் மறைக்க ஒன்றுமே இருக்கவில்லை. ஆனால் மறைத்தது போன்ற தோற்றத்தை நானே உண்டாக்கிவிட்டேன். மறு வாரம் படத்தைக் கழற்றிவிட்டு மண்டபம் முழுவதற்கும் இளமஞ்சள் வர்ணம் பூசுவித்தேன். கடற்கரையோர வீடுகளில் சுவரின் அடிப்பகுதியில் உப்புப் பூத்துச் சாந்து உதிர்வது சாதாரணம். உங்கள் வீட்டிலும் அப்படி இருந்தால் தயவுசெய்து ஒட்டுத்தாளோ படமோ வைத்து மூடாதீர்கள். சுரண்டிப் பூசுங்கள், முடியாவிட்டால் இருப்பதைச் சொல்லிவிடுங்கள். இந்த ஊரில் வீடு பார்க்க வருபவர்களுக்கு உப்புக்காற்று என்ன செய்யும் என்று தெரியும்.

அமெரிக்காவில் 1970களிலிருந்தே விற்பனைக்கு முன் வீட்டை ஒழுங்குபடுத்திக் கொடுப்பது ஒரு தொழிலாக நடக்கிறது. 'ஹோம் ஸ்டேஜிங்' என்பார்கள். அந்தப் படங்களைப் பார்த்து அப்படியே செய்தால் நம் வீடுகளில் ஒட்டாது. அங்கே சாம்பல் நிறச் சோபாவும் கம்பளமும் குளிருக்கு இதம். இங்கே வைகாசி வெயிலில் கம்பளத்தைப் பார்த்தாலே வியர்க்கும். ஆனால் அதன் அடிப்படை நமக்கும் பொருந்தும்: வீட்டில் ஏற்கெனவே இருக்கும் நல்லதிடம் வருபவரின் கண்ணைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. அலங்காரப் பொருளின் வேலை அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் இருந்த நல்லது எது தெரியுமா? தரை. அப்பா போட்ட சிவப்புச் சீமெந்துத் தரை. பதினைந்து வருடங்களாக அதன்மேல் பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்புக் கிடந்தது. விரிப்பைச் சுருட்டியபோது கீழே மங்கலாக, அழுக்கேறிக் கிடந்தது தரை. பக்கத்து வீட்டு ஆச்சிதான் வழி சொன்னார். நன்றாகக் கழுவிக் காயவிட்டு, சிவப்பு மெழுகைத் துணியால் மெல்லியதாகப் பூசி, அரை மணி நேரம் விட்டு, பொச்சுமட்டையைக் குறுக்காக வெட்டி அதன் வெட்டுமுகத்தால் தேய்க்க வேண்டும். ஒரு காலை மட்டையில் வைத்து, மறு காலை ஊன்றி, இடுப்பை அசைத்து அசைத்துத் தேய்ப்பது. சிறுவயதில் அம்மா செய்ததைப் பார்த்திருக்கிறேன். இரண்டு நாட்கள் தேய்த்தோம். மூன்றாம் நாள் காலை கிழக்கு யன்னலைத் திறந்தபோது, வெயில் தரையில் விழுந்து எதிர்ச் சுவரில் செம்மையாகத் தெறித்தது. அம்மா வாசற்படியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தரைமேல் ஒரு பன்பாய் மட்டும் விரித்தேன். சிவப்பும் பச்சையும் ஊதாவுமாகச் சாயம் தோய்த்த பன்புல்லில் பின்னியது. தரையை மூடாதபடி கதிரைகளின் முன்கால்கள் மட்டும் பாயின் ஓரத்தில் படுமாறு போட்டேன். பழைய மரக் கதிரைகளுக்கு மருதமுனைக் கைத்தறித் துணியில் உறை தைத்தோம். ஒரே நிறத்தில் நான்கு. நாலு கதிரைக்கும் நாலு நிறம் என்று போகாதீர்கள், கண் அலைந்து களைத்துவிடும்.

அடுத்தது காற்று. இதைத்தான் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். எங்கள் யன்னல்களில் தடித்த, இரட்டை மடிப்புத் திரைச்சீலைகள் தொங்கின. தூசு வராமல் இருக்க அம்மா போட்டது. கச்சான் என்ற தென்மேற்கு வறண்ட காற்று வீசும் மாதங்களில் அது நியாயம்தான். ஆனால் வீடு பார்க்க வருபவருக்கு யன்னல் இருப்பதே தெரியவில்லை. அவற்றைக் கழற்றிவிட்டு மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணியில் புதியவை தைத்தோம். கம்பியை யன்னல் சட்டத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில், இரு பக்கமும் ஒரு சாண் அகலம் விட்டு மாட்டினால் யன்னல் பெரிதாகத் தெரியும், கூரையும் உயர்ந்தது போல இருக்கும். அதைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. காற்றைக் கண்ணால் பார்க்க முடியாது. மெல்லிய திரைச்சீலை அசைந்தால் பார்க்கலாம்.

வெளிச்சத்துக்கு அதிகம் செலவாகாது. மின்குமிழ்ப் பெட்டியில், ஒளியின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் கணக்கு அச்சிட்டிருப்பார்கள். 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. கடைக்கும் மருந்தகத்துக்கும் சரி. மண்டபத்துக்கும் படுக்கையறைக்கும் 2700 அல்லது 3000 வாங்குங்கள். சிவப்புத் தரைக்கும் மரத்துக்கும் அந்த மஞ்சள் ஒளிதான் உயிர். நிலைக்கண்ணாடி இருந்தால் யன்னலுக்கு எதிரே மாட்டுங்கள். தோட்டம் அதில் தெரிய வேண்டும், குளியலறைக் கதவு தெரியக்கூடாது. படம் மாட்டுவதென்றால் அதன் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ 145 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கட்டும். நம் வீடுகளில் படங்களைக் கூரையை ஒட்டி மாட்டுவது வழக்கம். அவற்றை அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

ஷோகேஸைக் காலி செய்வதற்குத்தான் அம்மாவோடு அதிக நேரம் பேச வேண்டியிருந்தது. பரிசுக் கிண்ணங்கள், கலியாணத்துக்குக் கிடைத்த தேநீர்க் கோப்பைகள், என் பாலர் பாடசாலைப் படம், யாரோ எப்போதோ கொண்டுவந்து கொடுத்த முருகைக்கல் ஒன்று. முருகைக்கல்லை முதலில் எடுத்தேன். நிலாவெளிக் கடலில் முருகைக்கற்பாறைகள் உள்ள புறாத்தீவு 2003இலிருந்து தேசியப் பூங்கா. முருகைக்கல் எடுப்பது சட்டப்படி குற்றம். வாங்க வருபவர் கண்ணில் அதைக் காட்டி வைப்பது அழகல்ல, சரியும் அல்ல. மற்றவற்றைப் பெட்டியில் கட்டினோம். கடைசியில் ஷோகேஸில் ஒரு பித்தளைச் செம்பும், பனையோலைப் பெட்டி இரண்டும், நான்கு புத்தகங்களும் மட்டும் நின்றன. செம்பைப் பழப்புளி போட்டு விளக்கினோம். கடற்காற்றில் பித்தளை நாலு நாளில் கறுத்துவிடும் என்பதால், யாராவது வருகிறார்கள் என்று தெரிந்தால் அன்று காலை மறுபடி விளக்க வேண்டும்.

சாமியறையை நான் கலைக்கவில்லை. நம் ஊரில் வீடு வாங்க வருபவர் தமிழராகவும் இருக்கலாம், முஸ்லிமாகவும் இருக்கலாம், சிங்களவராகவும் இருக்கலாம். மண்டபத்தில் தொங்கிய சாமிப் பட நாட்காட்டிகளை எடுத்துச் சாமியறைக்குள் வைத்தேன். அந்தச் சிறு அறை சுத்தமாக, ஒரு குத்துவிளக்கோடு இருந்தது. பார்க்க வந்த கிண்ணியாக் குடும்பம் ஒன்று, "இது தொழுகைக்கு நல்ல அமைதியான அறை" என்று தங்களுக்குள் பேசிக்கொண்டதைக் கேட்டபோது எனக்கு மனம் நிறைந்தது.

பூக்கள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பிளாஸ்டிக் பூ வேண்டாம். ஒரு கச்சான் காற்றிலேயே மண் நிறமாகிவிடும். உருளியில் தண்ணீர் நிரப்பிப் பூ மிதக்கவிடுவது அழகுதான். ஆனால் 2017இல் டெங்கு கிண்ணியாவைப் படுத்திய பாட்டை நம் மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. பழைய தண்ணீர் நிற்கும் பாத்திரத்தைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். வைத்தால் அன்று காலை வைத்து, அன்று மாலை கொட்டிவிடுங்கள். நான் சாப்பாட்டு மேசைக்குப் பூவே வைக்கவில்லை. வெண்கலத் தட்டத்தில் ஆறு எலுமிச்சம்பழம் வைத்தேன். வாரம் முழுவதும் வாடாமல் இருந்தன, மணமும் மெல்லியதாக இருந்தது. ஊதுவத்தியைக் கொளுத்தி வீட்டை நிரப்பினால், ஈர வாடையை மறைக்கிறார்கள் என்று நினைப்பார்கள்.

இன்னும் ஒன்று, அலங்காரக் கணக்கில் யாரும் சேர்க்காதது: கிணறு. இங்கே வீடு பார்க்க வருபவர் சமையலறைக்குப் போவதற்கு முன்பே "தண்ணீர் எப்படி?" என்று கேட்பார். கடலுக்குப் பக்கத்தில் பல கிணறுகள் கோடையில் உவர்க்கும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் நல்லது. கிணற்றுக்கட்டின்மேல் படிந்திருந்த பாசியைத் தேய்த்து, சுண்ணாம்பு பூசி, கப்பிக்கு எண்ணெய் விட்டு, புதுக் கயிறும் வாளியும் போட்டோம். பக்கத்தில் ஒரு செவ்வரத்தைச் சாடி. வருபவர்களுக்கு அந்தக் கிணற்றுத் தண்ணீரையே செம்பில் கொடுத்தோம்.

வர்ணம், துணி, மெழுகு, மின்குமிழ், கயிறு எல்லாமாக 38,000 ரூபாய் செலவானது. அதில் பாதிக்கு மேல் வர்ணத்துக்கு. விலை இதனால் கூடியதா என்றால், கூடியது என்று நான் சொல்லமாட்டேன். விலையைத் தீர்மானிப்பவை காணி உறுதி, பாதை அகலம், தண்ணீர், பேர்ச்சஸ் கணக்கு. உறுதியில் சிக்கல் இருந்தால் முதலில் நொத்தாரிசிடம் போங்கள், துணிக்கடைக்குப் பிறகு போகலாம். எங்களுக்குக் கிடைத்தது வேறு: வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்கள் கேள்வி கேட்டார்கள்.

ஆட்களை வரச் சொல்லும் நேரமும் முக்கியம். எங்கள் வீடு கிழக்குப் பார்த்தது என்பதால் விளம்பரத்துக்கான படங்களைக் காலை ஏழரைக்கு எடுத்தேன். பார்க்க வருபவர்களைக் கடற்காற்று வரும் மாலை ஐந்து மணிக்கு வரச் சொன்னேன். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் மூடிய யன்னல்களோடு வீடு இருண்டுவிடும். முடிந்தால் அதற்கு முன் காட்டி முடியுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு மூன்றாவதாக வந்தவர்கள் ஆசிரியத் தம்பதி. கணவர் கிணற்றடியில் நின்றுவிட்டார். மனைவி கிழக்கு யன்னலருகே போனபோது திரைச்சீலை எழும்பி அவருடைய தோளில் படிந்தது. அதை விலக்காமல் கையில் பிடித்துக்கொண்டு, "அக்கா, இந்தக் காற்று எப்போதும் இருக்குமா?" என்று கேட்டார். "கச்சான் காலத்தில் பகலில் அனலாக இருக்கும், பின்னேரம் கடற்காற்று வரும்" என்று உள்ளதைச் சொன்னேன். இரண்டு நாட்கள் கழித்து, நண்பகல் வெயிலில், சொல்லாமல் கொள்ளாமல் மறுபடி வந்து பார்த்தார்கள். அந்த மாதமே கைச்சாத்தானது. திறப்பைக் கொடுத்த அன்று, திரைச்சீலைகளை விட்டுவிட்டுப் போக முடியுமா என்று அவர் கேட்டார். அம்மா பன்பாயையும் சேர்த்தே விட்டுவிட்டு வந்தார்.

உங்கள் வீடு எந்தத் திசை பார்த்தது, தரை என்ன தரை என்று எழுதுங்கள். தரையில் விரிப்பு ஏதும் கிடந்தால் இன்றே ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள்.