வாசல் தண்ணீருக்கு யாரிடம் மனு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் தெருவில் கழிவுநீர்க் கால்வாய் பாதியில் நின்றுவிட்டது. அதற்கு மேல் வரும் தண்ணீர் மூன்று வீடுகளின் வாசலில் தேங்குகிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் இரண்டு முறை மனு கொடுத்தோம். ‘பார்க்கலாம்’ என்பதற்கு மேல் பதில் இல்லை. இனி யாரிடம் போக வேண்டும்?
– ஒரு வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அலுவலர் மீது வருத்தப்படுவதற்கு முன், மனு சேர வேண்டிய இடத்துக்குத்தான் சேர்ந்ததா என்று பார்த்துவிடுவோம். கிராம நிர்வாக அலுவலர் வருவாய்த் துறையைச் சேர்ந்தவர்; பட்டா, சிட்டா, அடங்கல், சான்றிதழ்களுக்கான விசாரணை, புறம்போக்கு நிலங்களின் கண்காணிப்பு ஆகியவையே அவருடைய பொறுப்பு. கால்வாயும் குடிநீரும் தெருவிளக்கும் குப்பையும் 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி கிராம ஊராட்சியைச் சேர்ந்தவை; அவற்றுக்கான மனுவை ஊராட்சித் தலைவருக்கு எழுதி, ஊராட்சிச் செயலரிடம் கொடுக்க வேண்டும். இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டும் உரியதன்று. கர்ணமும் மணியக்காரருமே ஊரின் அரசாங்கமாக இருந்த காலம் 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். ஆட்சி அந்தப் பதவிகளை ஒழித்தபோது முடிந்துவிட்டது. ஆனாலும் அவர்கள் இடத்துக்கு வந்த நிர்வாக அலுவலரிடமே எல்லாவற்றையும் சொல்லும் பழக்கம் இன்னும் போகவில்லை.

ஊராட்சிக்குள்ளும் எல்லாமே ஊராட்சியுடையவை என்று எண்ணிவிடக் கூடாது. தெருவிளக்கின் பல்பு ஊராட்சியின் பொறுப்பு. அது தொங்கும் கம்பமும் கம்பியும் மின்வாரியத்தின் பொறுப்பு. ஊருக்குள் வரும் சாலை ஊராட்சிச் சாலையாகவோ ஒன்றியச் சாலையாகவோ நெடுஞ்சாலைத் துறையின் சாலையாகவோ இருக்கலாம். நியாயவிலைக் கடையைப் பற்றிய புகார் வட்ட வழங்கல் அலுவலருக்குப் போக வேண்டும். இதை விசாரித்து அறிய அரை நாள் ஆகலாம். அந்த அரை நாளைச் செலவழிக்காதவர்களின் மனுதான் அலுவலகம் அலுவலகமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

உங்கள் மனுவில் ‘பெரும் அவதி’, ‘சொல்லொணாத் துயரம்’ போன்ற சொற்கள் இருந்தால் அவற்றை அடித்துவிடுங்கள். எந்தத் தெரு, எந்த இடத்தில் கால்வாய் நிற்கிறது, இன்னும் எத்தனை அடி கட்ட வேண்டும், தேங்கும் தண்ணீருக்குப் பக்கத்தில் குடிநீர்க் குழாய் போகிறதா என்பவற்றை எழுதுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, அந்தத் தண்ணீர் கடைசியில் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று எழுதுங்கள். நான் பார்த்த ஊர்களில் பாதியில் நின்ற கால்வாய்கள் பலவும், ‘எங்கள் வாசல் வழியாக உங்கள் சாக்கடை போகக் கூடாது’ என்று கீழ்த்தெருக்காரர்கள் மறித்ததால் நின்றவை. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. தண்ணீர் போய்ச் சேரும் இடம் இல்லாமல் கட்டப்படும் கால்வாய், உங்கள் வாசல் தண்ணீரை அவர்கள் வாசலுக்குத் தள்ளிவிடுமே தவிர வேறு எதையும் செய்யாது. எனவே அவர்களோடும் ஒரு முறை உட்கார்ந்து பேசி, உறிஞ்சுகுழி அமைக்க இடம் உண்டா என்று பார்த்து, இரு தெருவினரும் கையெழுத்திட்டு மனு கொடுத்தால், மதிப்பீடு தயாரிக்க வரும் ஒன்றியப் பணி மேற்பார்வையாளருக்கு மறுப்பதற்குக் காரணம் கிடைக்காது. மனுவை இரண்டு படிகளாக எடுத்துச் சென்று, ஒன்றில் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கிராம சபையில் எழுந்து, மேல்நிலைத் தொட்டி மாதக்கணக்கில் சுத்தம் செய்யப்படவில்லை என்று சொன்னேன். எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு விசாரித்தால், தீர்மானப் பதிவேட்டில் அது இல்லவே இல்லை என்கிறார்கள். இது சரியா?
– ஒரு வாசகி, சேலம் மாவட்டம்

பதில்: சரியன்று, ஆனால் எப்போதும் நடப்பது. கிராம சபையில் பேசுவது வேறு, தீர்மானம் நிறைவேற்றுவது வேறு. பேச்சு காற்றோடு போய்விடும். தீர்மானம் எண்ணும் தேதியும் பெற்றுப் பதிவேட்டில் ஏறும். அரசமைப்புச் சட்டத்தின் 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்ததிலிருந்து, வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். எனவே அங்கே நீங்கள் மனுதாரராகப் போகவில்லை, முடிவெடுக்கும் உறுப்பினராகப் போகிறீர்கள் என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள்.

அடுத்த முறை, நீங்கள் விரும்பும் தீர்மானத்தை முழு வாக்கியமாக ஒரு தாளில் எழுதி, தெருவில் உள்ள பத்துப் பெண்களிடமாவது கையெழுத்து வாங்கி, கூட்டத்துக்கு முன்பே ஊராட்சிச் செயலரிடம் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். கூட்டத்தில் அதை வாசிக்கச் சொல்லுங்கள். பதிவேட்டில் எழுதிய பிறகு, எழுதியதைத் திரும்ப வாசிக்கச் சொல்லுங்கள். சில ஊர்களில் வந்தவுடனேயே கையெழுத்தை வாங்கிக்கொண்டு, தீர்மானங்களைப் பிறகு நிதானமாக எழுதிக்கொள்ளும் வழக்கம் உண்டு. வருகைக்குப் போடும் கையெழுத்தும் தீர்மானத்துக்குப் போடும் கையெழுத்தும் ஒன்றல்ல என்பதை அங்கேயே, சத்தமில்லாமல், ஆனால் எல்லார் காதிலும் விழும்படி கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

குறைவெண் வரம்பையும் கவனியுங்கள். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேரும், 3,000 வரை 100 பேரும், 10,000 வரை 200 பேரும், அதற்கு மேல் 300 பேரும் வந்திருக்க வேண்டும். முன்பு குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள் என நான்காக இருந்த கூட்டங்களோடு, 2022 முதல் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22, உள்ளாட்சிகள் நாளான நவம்பர் 1 ஆகியவையும் சேர்ந்துள்ளன. தொட்டியைப் பற்றிக் கேட்க மார்ச் 22ஐவிடப் பொருத்தமான நாள் வேறில்லை. சுத்தம் செய்த தேதி தொட்டியிலேயே எழுதப்பட்டிருக்கும். அதைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.

தீர்மானத்தின் நகலைக் கேட்டுத் தராவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இன்படி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பியுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். ‘ஏன் சுத்தம் செய்யவில்லை’ என்று அதில் கேட்காதீர்கள். ‘இந்தத் தேதியில் நடந்த கிராம சபையின் தீர்மானப் பதிவேட்டு நகல்’ என்று ஆவணத்தைக் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் ஊராட்சியில் தலைவரின் பதவிக்காலம் முடிந்து, இப்போது தனி அலுவலர்தான். அவரை ஊரில் பார்க்கவே முடிவதில்லை.
– ஒரு வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: 2019 டிசம்பரில் ஊரகத் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரி 5 அன்று பதவிக்காலம் முடிந்தது, அதன் பின் கிராம ஊராட்சிகளைக் கவனிக்கும் வட்டார வளர்ச்சி அலுவலர்களே தனி அலுவலர்களாயினர். தமிழகத்தின் 388 ஒன்றியங்களில் சுமார் 12,500 ஊராட்சிகள் இருந்தன என்றால், ஒருவர் கையில் முப்பதுக்கு மேற்பட்ட ஊர்கள் வருகின்றன. ஐந்தாண்டு முடியுமுன்பே தேர்தல் நடக்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டம் சொல்வதன் அருமை, இப்படிப்பட்ட காலத்தில்தான் தெரிகிறது. நீங்கள் ஒன்றிய அலுவலகத்துக்கே சென்று மனு கொடுங்கள். அங்கே வட்டார வளர்ச்சி அலுவலர்கள் இருவர் இருப்பார்கள். பெயர்ப் பலகையில் ‘கிராம ஊராட்சி’ என்று இருப்பவரே உங்களுக்கு உரியவர். அங்கும் அசைவில்லை என்றால், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தின் குறைதீர்க்கும் நாளில், முந்தைய மனுக்களின் முத்திரையிட்ட நகல்களை இணைத்துக் கொடுங்கள்.

கேள்வி: ஓடைப் புறம்போக்கை ஒருவர் வேலி போட்டு வளைத்துவிட்டார். அவர் எனக்குப் பங்காளி முறை. எப்படிக் கேட்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: முதலில் வீட்டுக்குப் போய் நேரில் சொல்லிப் பாருங்கள், அரசுக் கடிதம் வந்த பிறகு அந்தப் பேச்சு நடக்காது. அதற்கு முன், அந்தப் புல எண்ணுக்கு ‘அ’ பதிவேட்டில் என்ன வகைப்பாடு இருக்கிறது என்று பாருங்கள். அரசின் இணையதளத்திலேயே பார்க்கலாம். ஓடை என்று இருந்தால், அது அவருடையதா என்ற பேச்சுக்கு இடமில்லை. உங்கள் நினைவில் மட்டும் ஓடையாக இருந்து, பதிவேட்டில் பட்டா நிலமாக இருந்தால், கேட்காமல் விட்டதே நல்லதாகப் போயிற்று.

அவர் கேட்காவிட்டால், இந்த விஷயத்துக்கு, முதல் வாசகர் இடம் தவறி மனு கொடுத்த அதே கிராம நிர்வாக அலுவலரிடம்தான் மனு கொடுக்க வேண்டும். நகலை வட்டாட்சியருக்கு அனுப்புங்கள். ஆக்கிரமிப்பாளரின் பெயரைச் சொல்லித் திட்டாமல், ‘இந்தப் புல எண்ணை அளந்து எல்லை காட்ட வேண்டும்’ என்று மட்டும் எழுதினால் போதும். நில அளவர் சங்கிலியோடு வரும் நாளில், நீங்களும் உங்கள் பங்காளியும் இருவருமே அங்கே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.