பெயரில்லாத மாத்திரைக் கவர்

இந்த முறை கிளினிக் சம்பந்தமான வாசகர் கடிதங்களை மட்டும் எடுத்திருக்கிறேன். பல கடிதங்கள் மூன்று நான்கு பக்கம், அதனால் விஷயத்தை மட்டும் வைத்துக்கொண்டு சுருக்கிவிட்டேன்.

ஐந்து மணிக்கு டோக்கன் போட்டேன். எட்டரைக்குத்தான் உள்ளே விட்டார்கள். டாக்டர் மூன்று நிமிடம்கூடப் பார்க்கவில்லை. ஃபீஸ் 500 ரூபாய். திரும்பக் கேட்கலாமா? (ஈரோடு)

கேட்க முடியாது. டாக்டர் வரவே இல்லை, பார்க்காமலேயே அனுப்பிவிட்டார்கள் என்றால் முழுப் பணத்தையும் கேட்டு வாங்கலாம். பார்த்துவிட்டால் நிமிடக் கணக்கு கிடையாது. ஆனால் டாக்டர் தன் கட்டணத்தைப் போர்டில் எழுதி வைக்க வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகளில் இருக்கிறது. போர்டு இல்லாத இடத்தில் டோக்கன் போடும்போதே எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள்.

அப்புறம், அந்த மூன்று நிமிடம் உங்கள் கையிலும் இருக்கிறது. என்ன தொந்தரவு, எத்தனை நாளாக, இப்போது என்னென்ன மாத்திரை போடுகிறீர்கள், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கிளம்பும்போது கதவைப் பிடித்துக்கொண்டு “அப்பப்ப நெஞ்சும் அடைக்குது டாக்டர்” என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதை முதலில் சொல்ல வேண்டும்.

டாக்டர் எழுதும் சீட்டை வெளியே எந்தக் கடையிலும் படிக்க முடியவில்லை. கிளினிக்கை ஒட்டிய கடைக்காரர் மட்டும் பார்த்ததும் எடுத்துக் கொடுக்கிறார். பத்து நாள் மருந்து 1,340 ரூபாய். அங்கேதான் வாங்க வேண்டுமா? (விழுப்புரம்)

அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. மருந்தின் ஜெனரிக் பெயரை (கம்பெனி வைத்த பெயர் இல்லை, மருந்தின் சொந்தப் பெயர்), படிக்கும்படி, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016-இல் அதே விதிகளைத் திருத்தினார்கள். 2023 ஆகஸ்டில் புது விதிகள் வந்து அதே மாதம் நிறுத்தி வைக்கப்பட்டதால் பழைய விதிதான் தொடர்கிறது. “டாக்டர், மருந்துப் பெயரைக் கேபிடல் லெட்டரில் எழுதிக் கொடுத்துடுங்க” என்று அங்கேயே கேளுங்கள். சண்டை போடுவது போல் வேண்டாம், சாதாரணமாகக் கேட்டாலே பெரும்பாலானவர்கள் எழுதித் தருகிறார்கள்.

பெயர் தெரிந்துவிட்டால் எந்தக் கடைக்கும் போகலாம். மத்திய அரசின் மக்கள் மருந்தகம் இருக்கிறது, 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு திறந்த 1,000 முதல்வர் மருந்தகங்களும் இருக்கின்றன. வலிப்பு, தைராய்டு மருந்துகளை மட்டும் டாக்டரிடம் சொல்லாமல் கம்பெனி மாற்றாதீர்கள். அட்டையை வெட்டிக் கொடுத்தால், வெட்டிய மாத்திரைக்கு அட்டை விலையின் விகிதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்பது 2013 மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை.

தொண்டை வலிக்கு மருந்துக்கடையில் சொல்லி செஃபிக்சிம் வாங்கிப் போட்டேன். சீட்டு இல்லை, பில்லும் வாங்கவில்லை. வலி போகவில்லை, வயிற்றுப்போக்குதான் வந்தது. கடைக்காரர் மேல் கேஸ் போடலாமா? (திருப்பூர்)

எதை வைத்துப் போடுவீர்கள்? சீட்டு இல்லை, பில் இல்லை, அந்தக் கடையில்தான் வாங்கினீர்கள் என்பதற்கே அத்தாட்சி இல்லை. செஃபிக்சிம் ஒரு ஆன்டிபயாட்டிக், ஹெச்-1 அட்டவணை மருந்து. சீட்டு இல்லாமல் விற்கவே கூடாது. சீட்டைப் பார்த்து விற்றாலும் டாக்டர் பெயர், நோயாளி பெயர் எல்லாம் தனிப் பதிவேட்டில் ஏற்றி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். கடைக்காரர் செய்தது தப்புதான். ஆனால் கேட்டு வாங்கியது நீங்கள். தொண்டை வலி பெரும்பாலும் வைரஸால் வருவது, அதற்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது என்று எத்தனை முறை எழுதுவது? வயிற்றுப்போக்கு நிற்கவில்லை என்றால் இன்றைக்கே டாக்டரிடம் போங்கள். இந்த மருந்தைப் போட்டேன் என்று மறைக்காமல் சொல்லுங்கள்.

எங்கள் ஏரியா டாக்டர் ஒரு ஊசி போட்டு, மூன்று வேளைக்கு மாத்திரையைக் கவரில் போட்டுக் கொடுத்து 200 ரூபாய் வாங்குகிறார். ஒரே நாளில் சரியாகிவிடுகிறது. சீட்டு தருவதில்லை. என் மகள் இது சரியில்லை என்கிறாள். நீங்கள் சொல்லுங்கள். (மதுரை)

மகள் சொல்வதுதான் சரி.

இது நான் வருடக்கணக்காகப் பொருமிக்கொண்டிருக்கும் விஷயம், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் காய்ச்சலுக்காக என் அப்பாவை ஒரு கிளினிக்குக் கூட்டிப்போனேன். 150 ரூபாய். காலை, மதியம், இரவு என்று அச்சடித்த சின்ன வெள்ளைக் கவர்கள், ஒவ்வொன்றிலும் பாதியாக உடைத்த ஒரு வெள்ளை மாத்திரை, ஒரு ரோஸ், ஒரு மஞ்சள் கேப்சூல். அட்டையோடு இருந்த ஒன்றிலும் பெயர் இருந்த பக்கத்தைக் கத்தரித்துவிட்டு ‘mg’ என்ற எழுத்து மட்டும் மிச்சமிருந்தது. இரண்டாம் வேளை போட்ட ஒரு மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கிவிட்டது. அரசு மருத்துவமனைக்கு ஓடினோம். டூட்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “என்ன மாத்திரை போட்டாரு?” நான் கவரை நீட்டினேன். அவர் உள்ளங்கையில் கொட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பெயர் தெரியாத மாத்திரை என்று கேஸ் ஷீட்டில் எழுதினார். அப்பா பிழைத்தார். ஆனால் எந்த மருந்து அவருக்கு ஆகாது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் மருந்து அலர்ஜி உண்டா என்று கேட்கிறார்கள், உண்டு, எதுவென்று தெரியாது என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். என் வாழ்நாளில் நான் வாங்கியதிலேயே மோசமான பொருள் அந்த 150 ரூபாய்க் கவர்தான். பெயர் கேட்காமல் வாங்கியது நான்.

டாக்டர் தன்னிடம் வரும் நோயாளிக்கு மருந்தும் கொடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. கடை போல் திறந்து வைத்து விற்காதவரை தனி லைசென்ஸ்கூட வேண்டாம். பக்கத்தில் மருந்துக்கடையே இல்லாத ஊரில் ராத்திரி பதினொரு மணிக்குக் கதவைத் திறந்து மாத்திரை தரும் டாக்டரை நான் குறை சொல்ல மாட்டேன். என் கோபம் பெயரை மறைப்பதில்தான். என்ன சாப்பிடுகிறேன் என்பது எனக்குத் தெரிய வேண்டாமா? ஒரே நாளில் சரியாகிவிடுகிறது என்கிறீர்களே, அந்த ஊசியிலோ மாத்திரையிலோ ஸ்டீராய்டு இருந்தால் காய்ச்சல் சட்டென்று அடங்கினாற்போல் தெரியலாம். உள்ளே கிருமி இருந்தால் அது அடங்காது. சர்க்கரை உள்ளவர்களுக்குச் சர்க்கரை எகிறும். உங்கள் டாக்டர் அதைத்தான் தருகிறார் என்று நான் சொல்லவில்லை. தரவில்லை என்று சொல்லவும் உங்களிடம் ஒரு தாள் இல்லை.

அடுத்த முறை சீட்டு கேளுங்கள். தேதி, உங்கள் பெயர், போட்ட ஊசியின் பெயர், மாத்திரைகளின் பெயர், எத்தனை நாள், டாக்டரின் கையெழுத்து, பதிவு எண். பதிவு எண்ணைக் கிளினிக்கிலும் சீட்டிலும் ரசீதிலும் போட வேண்டும் என்பது விதி. தர மறுத்தால் வேறு டாக்டரைப் பாருங்கள்.

மூன்று நாளைக்கு முன் எடுத்த ரத்த ரிப்போர்ட்டைக் காட்டினேன். அந்த லேப் சரியில்லை, நம்ம லேபில் எடுங்கள் என்று 2,200 ரூபாய்க்கு எல்லாவற்றையும் மறுபடி எடுத்தார்கள். (தஞ்சாவூர்)

சில டெஸ்ட்டை மறுபடி எடுக்கத்தான் வேண்டும். டெங்கு காய்ச்சலில் ரத்தத் தட்டணுக்கள் (பிளேட்லெட்) நாளுக்கு நாள் மாறும். ஆனால் ஹெச்பிஏ1சி என்பது சுமார் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி, மூன்று நாளில் அதில் என்ன மாறிவிடும்? “எந்த டெஸ்ட், எதனால் மறுபடி?” என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். நோயாளியை அனுப்புவதற்கு டாக்டர் கமிஷன் வாங்குவதோ கொடுப்பதோ அதே 2002 விதிகளில் தடை செய்யப்பட்டது. உங்கள் விஷயத்தில் அது நடந்ததா என்று என்னால் சொல்ல முடியாது. நானும் 999 ரூபாய் முழு உடல் பரிசோதனை ஆஃபரில் சேர்ந்து, யாரும் கேட்காத ஒரு டெஸ்ட்டில் ஏதோ நூலிழை கூடிவிட்டது என்று ஸ்கேன், இன்னொரு ஸ்கேன் என்று அலைந்து 9,000 ரூபாய் செலவழித்தேன். கடைசியில் ஒன்றுமில்லை. டாக்டர் சொல்லாமல் பேக்கேஜ் வாங்காதீர்கள்.

மூலத்துக்கு ஆபரேஷன் இல்லாமல் ஊசியிலேயே குணம் என்று போர்டு பார்த்துப் போனேன். 22,000 ரூபாய், ஜிபேயில் வாங்கிக்கொண்டு ரசீது தரவில்லை. சீழ் பிடித்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். திரும்பப் போனால் போர்டே இல்லை. அவர் டாக்டரே இல்லை என்கிறார்கள். வெளியே சொல்லவும் கூச்சமாக இருக்கிறது. (பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

கூச்சப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை. இந்த மாதிரி ஆட்கள் மூலம், ஆண்மைக்குறைவு என்று வெளியே சொல்லத் தயங்கும் நோய்களாகத் தேடி எடுப்பதே, ஏமாந்தவர் வாய் திறக்க மாட்டார் என்ற தைரியத்தில்தான்.

ரசீது இல்லை என்று கவலைப்படாதீர்கள், ஜிபேயில் பணம் போன விவரத்தை எடுத்து வையுங்கள், அதில் பெயரும் தேதியும் இருக்கும். போர்டை எடுத்த படம், விசிட்டிங் கார்டு, வாட்ஸ்அப் செய்தி என்று இருந்தால் எதையும் அழிக்காதீர்கள். ஒன்பது நாள் இருந்த ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்து உங்கள் சிகிச்சைப் பதிவுகளின் நகலைக் கேளுங்கள், 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். பிறகு அவர் பெயர் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உங்கள் மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநரிடம் ஒரு மனு, போலீஸில் ஒரு புகார். தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2019-இன்படி பதிவில்லாமல் வைத்தியம் பார்த்தால் ஒரு வருடம் வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பணத்துக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். காசு வாங்கிச் செய்யும் வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுக்கட்டணமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். எங்கே தொடங்குவது என்று குழப்பமாக இருந்தால் 1915-க்குப் போன் செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம். மனு எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், நானே படித்துப் பார்க்கிறேன்.

ரெவியூவுக்கு எத்தனை நாள்வரை ஃபீஸ் கிடையாது? (நாகர்கோவில்)

அப்படி ஒரு பொது விதி இல்லை. சிலர் மூன்று நாள், சிலர் ஒரு வாரம், சிலர் ஒவ்வொரு முறையும் வாங்குவார்கள். முதல் நாளே கேட்டு, சீட்டின் மூலையில் தேதி போட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.