வாசகர் கேள்விகள்: பழைய பாட்டிலுக்கு வயது பார்ப்பது எப்படி?

காரைக்குடியில் நீல நிற மருந்து பாட்டில் ஒன்று வாங்கினேன். ‘150 வருஷப் பழசு’ என்றார் கடைக்காரர். நம்பலாமா?
– வாசகி, தேவகோட்டை

பாட்டிலைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து, விளக்கைப் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு துருத்திக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள், தட்டும். அந்தக் கோட்டைப் பிடித்தபடி கழுத்துக்குப் போங்கள். வாய் விளிம்பு வரை ஏறினால் இயந்திரத்தில் வார்த்தது. மைக்கேல் ஓவன்ஸின் தானியங்கி இயந்திரம் அமெரிக்காவில் வந்ததே 1903 வாக்கில்தான். அரைத் தானியங்கிகளும் 1880களுக்கு முன் புழக்கத்தில் இல்லை. 150 வருஷக் கணக்கு அதோடு சரி.

கோடு கழுத்திலேயே மறைந்து, வாயைச் சுற்றி நுண்ணிய வளையக் கீறல்கள் தெரிந்தால், தொழிலாளி கருவியைச் சுழற்றி வாயை முடித்திருக்கிறார். பெரும்பாலும் 1920க்கு முந்தியது.

இங்கே ஒரு வழுக்கல் உண்டு. இயந்திர பாட்டிலிலும் வாயை நெருப்பில் காட்டி மழுக்கிவிடுவார்கள். கோடு அழிந்து பழசு போலத் தோன்றும். அப்போது வாய்ப்பகுதிக்குச் சற்றுக் கீழே, கழுத்தைச் சுற்றிக் கிடைமட்டக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். உடம்பில் நெளிந்து ஓடும் இரண்டாவது மங்கலான கோடும் இயந்திரத்தின் சாட்சிதான். இயந்திரத்தில் இரண்டு அச்சுகள்; முதலில் அரைகுறை உருவம் கொடுத்த அச்சு விட்டுப்போன தடம் இது.

பிறகு கவிழ்த்து அடியைப் பாருங்கள். கையில் உறுத்தும் கரடான தழும்பு, இரும்புக் கோலில் ஒட்டிப் பிடித்து உடைத்தெடுத்த இடம். இது பொதுவாக 1870க்கு முந்தையது. மையத்திலிருந்து விலகிய, ஓரம் சிலும்பிய வட்டம் என்றால் ஓவன்ஸ் இயந்திரம் கண்ணாடிக் குழம்பை உறிஞ்சி வெட்டிய தழும்பு.

எங்கள் வீட்டுப் பழைய வைன் போத்தலில் கோடே இல்லை. அச்சில்லாமல் ஊதியதா?
– வாசகர், யாழ்ப்பாணம்

அவசரப்பட வேண்டாம். உட்புறம் பசை பூசி நனைத்த அச்சுக்குள் போத்தலைச் சுழற்றினால் கோடு தேய்ந்து போய்விடும். 1870களிலிருந்து 1910கள் வரை அப்படிச் செய்தது அதிகம். வெளிச்சத்தில் சாய்த்தால் உடம்பைச் சுற்றி மெல்லிய வரிகள் தெரியும். சுழற்றியதில் புடைப்பெழுத்து நிற்காது. அச்சில்லாமல் ஊதியதென்றால் உருவம் ஒருபக்கம் கோணியிருக்கும்.

ஜாடியில் ‘மேசன்ஸ் பேடண்ட், நவம்பர் 30, 1858’ என்று இருக்கிறதே?
– வாசகர், கோவை

அது காப்புரிமைத் தேதி. அதே வாசகத்தோடு இருபதாம் நூற்றாண்டிலும் ஜாடிகள் வந்தன. வாயைப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும்.

கோலி சோடா பாட்டிலுக்கும் இதே சோதனைதானா?
– வாசகர், விருதுநகர்

வாய்ச் சோதனை அதற்குச் செல்லாது. ஹைரம் காட் இங்கிலாந்தில் 1870களில் காப்புரிமை பெற்ற வடிவம் அது. கோலியை உள்ளே போட்ட பின்பே வாயைச் சூடாக்கிச் சுருக்குவார்கள். நேற்றுச் செய்த பாட்டிலிலும் அங்கே கோடு இருக்காது. புடைப்பெழுத்தில் உள்ள கம்பெனி, ஊர்ப் பெயரைப் பழைய வணிக டைரக்டரிகளில் தேடுங்கள். அடி விளிம்புத் தேய்மானத்தை லென்ஸில் பாருங்கள்: நிஜத் தேய்மானத்தில் கீறல்கள் பல திசையிலும், ஆழம் மாறியும் கிடக்கும். ஒரே பக்கமாகச் சீராக இருந்தால் உப்புத்தாள் வேலை.