ஆரஞ்சு கேட்டால் மஞ்சள் வருகிறதே?

கேள்வி: சார், கேம் உருவாக்கும் மென்பொருளான ரோப்லாக்ஸ் ஸ்டூடியோவில் ஒரு பஸ் ஸ்டாண்ட் கட்டுகிறேன். பட்டனை அமுக்கினால் பஸ்ஸின் நிறம் மாற வேண்டும். கலர்3.நியூ(255, 0, 0) கொடுத்தால் சிவப்பு சரியாக வருகிறது. (255, 170, 0) கொடுத்தால் ஆரஞ்சுக்குப் பதில் பளீர் மஞ்சள்! பஸ்ஸின் கூரை எதற்கும் மசியவில்லை. கூட விளையாடும் நண்பனுக்கோ பஸ் பழைய நிறத்திலேயே தெரிகிறதாம்.
– பத்தாம் வகுப்பு மாணவர், ஈரோடு

பதில்: தம்பி, உன்னை ஏமாற்றியதே அந்தச் சிவப்புதான். கலர்3.நியூ கேட்பது சிவப்பு, பச்சை, நீல ஒளிகளின் அளவைச் சொல்லும் மூன்று எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 1 வரை. 1-ஐத் தாண்டினால் பார்ட் (பஸ்ஸைக் கட்டிய துண்டு) அதை 1 என்றே எடுத்துக்கொள்ளும். உன் 255, 0, 0 என்பது 1, 0, 0 ஆனது. வழி தப்பு, விடை சரி. ஆரஞ்சில் 170-ம் 1 ஆகிவிட்டது. சிவப்பு ஒளியும் பச்சை ஒளியும் முழு அளவில் சேர்ந்தால் மஞ்சள்தானே? 0 முதல் 255 வரை எண்களை ஏற்கும் கலர்3.ஃப்ரம்ஆர்ஜிபி(255, 170, 0) என்று எழுது, ஆரஞ்சு வந்துவிடும். நிறத்தைப் பெயரால் குறிக்கும் பிரிக்கலர் பக்கம் போகாதே. அதில் நிறத்தின் பெயரைத் தப்பாக அடித்தால் எரர்கூட வராது, மீடியம் ஸ்டோன் கிரே என்ற சாம்பல் நிறம் வந்து உட்கார்ந்துகொள்ளும். தேடிச் சாக வேண்டியதுதான்.

கூரையை யூனியன் போட்டு, அதாவது பல துண்டுகளை ஒன்றாக இணைத்துச் செய்திருப்பாய். யூனியன் தன் துண்டுகளின் பழைய நிறங்களை விடாது. ப்ராப்பர்ட்டீஸில் யூஸ்பார்ட்கலரை டிக் செய். அது டெக்ஸ்சர் (மேலே ஒட்டும் படம்) ஒட்டிய மெஷ் (முப்பரிமாண வடிவம்) என்றால் நிறம் அடியில் மறைந்திருக்கும். டெக்ஸ்சரை எடுத்துவிட்டுப் பார்.

நண்பன் விஷயம்: லோக்கல் ஸ்கிரிப்டில் (உன் கருவியில் மட்டும் ஓடும் நிரல்) மாற்றினால் அந்த நிறம் உன் திரையோடு சரி. சர்வர் ஸ்கிரிப்டில் (எல்லோருக்கும் கேமை நடத்தும் கணினியில் ஓடும் நிரல்) மாற்றினால்தான் எல்லோருக்கும் தெரியும். பட்டன் திரையில் இருக்கிறதா? அப்படியானால் ரிமோட்ஈவென்ட் என்ற தகவல் பாதை வழியாக சர்வருக்குச் சொல்லி அனுப்பு. ஆனால், வருகிற நிறத்தை அப்படியே பூசாதே. நீ அனுமதித்த நிறங்களில் ஒன்றா என்று சர்வரில் சரிபார். இல்லாவிட்டால் எவனாவது உன் பஸ் ஸ்டாண்டையே கறுப்பாக்கிவிடுவான்.

அப்புறம், ஒவ்வொரு பஸ்ஸுக்கும் தனித்தனி ஸ்கிரிப்ட் வேண்டாம். ஒவ்வொரு பஸ்ஸிலும் கலர்3 வகையில் ஓர் ஆட்ரிபியூட் (அந்தப் பஸ்ஸோடு சேர்த்து வைக்கும் குறிப்பு) வைத்து, ஒரே ஸ்கிரிப்டை கெட்ஆட்ரிபியூட் மூலம் அதைப் படிக்கச் சொல். புது பஸ் சேர்க்கும்போது ப்ராப்பர்ட்டீஸில் நிறத்தை மட்டும் தேர்ந்தெடுத்தால் போதும், ஸ்கிரிப்டைத் தொடவே வேண்டாம்.