ஸ்கூபா பயிற்றுநர் வேலை: விற்பனையையும் சேர்த்தே யோசியுங்கள்

அன்புள்ள ஐயா,

பிளஸ் டூ முடித்த மகன் ஸ்கூபா டைவிங் (காற்றுச் சிலிண்டருடன் கடலில் மூழ்குவது) கற்றுக்கொடுக்கப் போகிறேன் என்கிறான், அது பிழைப்புக்கு ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகும். ஆனால் அதில் கணிசமான பங்கு விற்பனை வேலை என்பதை அவன் இப்போதே தெரிந்துகொள்ளட்டும்.

இதில் இழிவு எதுவும் இல்லை. உலகெங்கும் டைவிங் சான்றிதழ் வழங்கும் 'பாடி' (PADI) அமைப்பை 1966இல் அமெரிக்காவில் தொடங்கிய இருவரில் ஜான் க்ரோனின் டைவிங் கருவி விற்பனையாளர். ரால்ஃப் எரிக்சன் நீச்சல் கற்பித்தவர். அங்கே பல கடைகள் அடிப்படை வகுப்பைப் பெரிய லாபமில்லாமலே நடத்துகின்றன. மாணவர் முதலில் மாஸ்க்கும் காலில் மாட்டும் ஃபின்னும் வாங்குவார், ருசி கண்டபின் சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கத் தரும் ரெகுலேட்டர் வாங்குவார். கடைக்கு லாபம் அங்கேதான். பயிற்றுநருக்கும் அதில் கமிஷன் கிடைப்பதுண்டு.

அந்தமானின் ஹேவ்லாக்கிலும் கர்நாடகத்தின் நேத்ராணியிலும் கதை வேறு. வருபவர்களில் பெரும்பாலோர் சுற்றுலாப் பயணிகள். வாடகைக் கருவியில் ஒருமுறை மூழ்கிப் படம் எடுத்துக்கொண்டு ஊர் திரும்புபவரிடம் ரெகுலேட்டரை விற்க முடியுமா? அதனால் இங்கே விலைபோவது அடுத்தடுத்த பாடம். அதை முழுமையாக வாங்கும் வாடிக்கையாளர் யார் தெரியுமா? உங்கள் மகனைப் போன்றவர்கள்தான். ஓப்பன் வாட்டர், அட்வான்ஸ்டு, ரெஸ்க்யூ, டைவ்மாஸ்டர், பிறகு பயிற்றுநர் படிப்பு என ஒவ்வொரு படிக்கும் தனிக் கட்டணம். போதாக்குறைக்குச் சொந்தக் கருவிகள்.

எனவே, எல்லாவற்றையும் சேர்த்து மொத்தத் தொகை பேசுபவரிடம் முன்பணம் கட்டிவிடாதீர்கள். 'பாடி' அமைப்பில் பயிற்றுநர் ஆக 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், 100 டைவ் பதிவாகியிருக்க வேண்டும், முதல் சான்றிதழ் பெற்று ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். அவசரப்படுத்துபவருக்கு அவசரம் உங்கள் பணத்தின் மேல். கருவியையும் தங்களிடமே வாங்கச் சொன்னால், அது படிப்பின் நிபந்தனையா, சிபாரிசா என்று கேளுங்கள்.

டைவ்மாஸ்டர் வரை படித்துவிட்டு ஒரு சீசன் ஏதாவது ஒரு மையத்தில் வேலை பார்க்கட்டும். கருவியையும் அங்கேயே கற்கலாம். மாஸ்க்கைப் பட்டை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சிழுத்தால் ஒட்டி நிற்க வேண்டும். நிற்காவிட்டால், எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் வேண்டாம் என்று சொல்பவரிடம்தான் மாணவர் மீண்டும் வருவார். ரெகுலேட்டர் பழுதுபார்ப்பதற்குத் தயாரிப்பு நிறுவனங்களே பயிற்சி தருகின்றன. மழைக்காலத்தில் நேத்ராணியில் டைவிங் நின்றுவிடும். அந்த மாதங்களிலும் கைகொடுக்கக்கூடிய தொழில் இந்தப் பழுதுபார்ப்பு.

கடல் எண்ணெய்க் கிணறுகளில் டைவிங் வேலை என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள். வணிக டைவிங்கிற்குத் தனிப் பயிற்சி உண்டு, இந்தச் சான்றிதழ் அங்கே செல்லாது.

வேலையில் சேரும்முன் மாதச் சம்பளம் எவ்வளவு, மாணவர் ஒருவருக்கு எவ்வளவு, விற்பனைக் கமிஷன் எவ்வளவு என்பதைத் தனித்தனியே எழுதி வாங்கச் சொல்லுங்கள்.